விளையாட்டுக்கா, படிப்புக்கா?

பேரன் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். "தாத்தா, ஒரு கேமிங் லேப்டாப் வேணும், 90,000 ஆகும்" என்றான் போன மாதம். எனக்கு ஒரு டெபாசிட் முதிர்கிற சமயம் என்பது பயலுக்குத் தெரியும். அவன் அப்பா, அதாவது என் மகன், "விளையாட்டுக்கெல்லாம் பணம் கொடுக்காதீங்கப்பா" என்று சொல்லிவிட்டான். அவன் வாயிலிருந்து இந்த வார்த்தை வந்ததுதான் எனக்குச் சங்கடம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

பொழுதுபோக்குச் சாமான் எதுவும் நம் வீடுகளுக்குள் அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு நுழைந்ததில்லை. செய்தி கேட்கத்தான் ரேடியோ என்றார் என் அப்பா. தபால் ஆபீசில் வருடாவருடம் லைசென்ஸ் கட்டணமும் கட்டினார். கேட்டதெல்லாம் இலங்கை வானொலியில் சினிமாப் பாட்டு! 1975 ஆகஸ்ட் 15-ல் சென்னைத் தொலைக்காட்சி வந்தது. 'வயலும் வாழ்வும்' மயிலாப்பூரில் எத்தனை பேர் பார்த்தோம்? வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' என்றால் மட்டும் டிவி இருக்கிற வீட்டு வாசலில் தெருவே செருப்பைக் கழற்றிப் போட்டிருக்கும்.

கம்ப்யூட்டர் மட்டும் கௌரவமாக வந்தது. 1973-ல் நம் அடையாறை ஒட்டிய ஐ.ஐ.டி.யில் ஐ.பி.எம். 370 நிறுவினார்கள். துளையிட்ட அட்டைகளைக் கட்டாகக் கொடுத்துவிட்டு விடைக்குக் காத்திருக்க வேண்டும். விளையாட வந்திருக்கிறேன் என்றால் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

தொண்ணூறுகளில் அது வீட்டு மேஜைக்கு வந்தது. ரேடியோ உதிரிபாகங்களுக்குப் பேர்போன ரிச்சி தெரு கம்ப்யூட்டர் தெருவாக மாறிக்கொண்டிருந்தது. 1996-ல் என் மகனும் கல்லூரியில் இரண்டாம் ஆண்டுதான். "சி மொழி பழகணும்பா" என்று கேட்டான். பி.எஃப். கடன் போட்டால் முடியும். விண்ணப்பத்தாள்கூட வாங்கி வைத்திருந்தேன். ஒருநாள் அவனைத் தேடி மந்தைவெளியில் அவன் நண்பன் வீட்டுக்குப் போனால், திரையில் வெள்ளை உடை போட்ட ஒரு பையன் பள்ளத்தைத் தாண்டிக் குதித்துக்கொண்டிருக்கிறான். பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவாம். அன்றே விண்ணப்பத்தைக் கிழித்தேன். மகன் வாதாடவில்லை. அதன்பிறகு என்னிடம் எதையும் கேட்டதும் இல்லை.

இப்போது பேரன் சொல்லித்தான் ஒரு விஷயம் புரிந்தது. திரையில் குதிரை ஓட, நெருப்பு எரிய, ஒரே மாதிரியான கணக்கை ஆயிரக்கணக்கில் ஒரே சமயத்தில் போட வேண்டும். அதற்கென்றே தனிச் சில்லு செய்தார்கள். 1999-ல் என்விடியாவின் ஜீஃபோர்ஸ் 256 வந்தது. விளையாட்டுப் பிள்ளைகள் கொடுத்த காசில்தான் இந்தச் சில்லுகள் வளர்ந்தன. 2012-ல் படங்களை அடையாளம் காணும் போட்டியில் ஜெயித்த டொராண்டோ பல்கலைக்கழகக் குழு, தங்கள் நிரலைப் பழக்கியது கடையில் விற்கிற இரண்டு விளையாட்டு அட்டைகளில்தான். இன்றைய செயற்கை நுண்ணறிவுக்கு அது ஒரு பெரிய திருப்பம். பேரனுக்குப் பாடமும் அதுதான்.

2011 செப்டம்பர் 15-ல் ஜெயலலிதா அரசு மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கியபோது, "சினிமா பார்க்கத்தான் ஆகும்" என்று நாகேஸ்வரராவ் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து பேசினோம். நானும்தான் பேசினேன்.

சென்ற வாரம் திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறிச் சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி, பேரனோடு ரிச்சி தெருவுக்கு நடந்தேன். கடைக்காரர் நல்ல மனிதர். "ராம் அப்புறம் கூட்டிக்கலாம் சார், கிராபிக்ஸ் சில்லை மாத்த முடியாது, அதைப் பாத்து வாங்குங்க" என்றார். எடை இரண்டரை கிலோ. சார்ஜர் தனியாக ஒரு செங்கல். கரண்ட் இல்லாமல் விளையாடினால் ஒன்றிரண்டு மணி நேரம்தான் தாங்குமாம். மடியில் வைத்தால் சுடும் என்றார். பிறகு ஏன் மடிக்கணினி என்று பேர்?

"உண்மையைச் சொல்லுடா, எவ்வளவு நேரம் விளையாடுவே?" என்றேன் வெளியே வந்து, கரும்பு ஜூஸ் குடிக்கும்போது.

"சனி, ஞாயிறு ராத்திரி கண்டிப்பா விளையாடுவேன் தாத்தா. மத்த நாள் ப்ராஜெக்ட்."

படிப்புக்கு மட்டும்தான் என்று அவன் சொல்லியிருந்தால் வாங்கியிருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன்.

அங்கிருந்தே மகனுக்குப் போன் போட்டேன். "வாங்கப் போறேன்பா. உனக்கு அன்னிக்கு வாங்கித் தந்திருக்கணும்" என்றேன். சற்று நேரம் சத்தமே இல்லை. ரிச்சி தெரு இரைச்சலில் லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

"16 ஜிபி ராம் இருக்கான்னு பாத்துக்கோங்கப்பா" என்றான்.