6,502 மைல் பாட்டுப் பயணம்: லோமாக்ஸ் தம்பதியின் 1939

கணவருக்கு வயது 71. மனைவிக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது. இந்த வயதில் ஒரு காரில் ஏறி இரண்டரை மாதம் ஊர் ஊராகச் சுற்றுவது என்றால் யாருக்கும் கொஞ்சம் தயக்கம் வரும். ஆனால் ஜான் லோமாக்ஸும் அவர் மனைவி ரூபி லோமாக்ஸும் 1939ஆம் ஆண்டு மார்ச் 31 அன்று டெக்சாஸ் மாநிலத்தின் கடலோர ஊரான போர்ட் அரான்சஸில் தங்கள் பயணத்தைத் தொடங்கினார்கள். ஜூன் 14 அன்று வாஷிங்டனில் உள்ள காங்கிரஸ் நூலகத்தில் அதை முடித்தார்கள். மொத்தம் 6,502 மைல். அதாவது பத்தாயிரம் கிலோமீட்டருக்கும் மேல்!

அவர்கள் ஊர் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. பாட்டு சேகரிக்கப் போனார்கள்.

ஜான் லோமாக்ஸ் அமெரிக்க நாட்டுப்புறப் பாடல் துறையில் அப்போதே பெரிய பெயர். மாடு மேய்க்கும் கௌபாய்களின் பாடல்களைத் திரட்டி 1910இல் புத்தகமாகப் போட்டவர். முதல் மனைவி 1931இல் இறந்துபோனார். 1934இல் ரூபி டெரிலை மணந்துகொண்டார். ரூபி, டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் மாணவியர் டீனாகவும் லத்தீன் போன்ற செம்மொழிகளைக் கற்பிக்கும் ஆசிரியராகவும் இருந்தவர். ஜானின் மகன் ஆலன் லோமாக்ஸ் அப்போது காங்கிரஸ் நூலகத்தின் நாட்டுப்புறப் பாடல் காப்பகத்தைக் கவனித்துக்கொண்டிருந்தார். தந்தைக்கு அங்கே கௌரவப் பொறுப்பு மட்டும்தான்.

காருக்குள் ஒரு ஒலிப்பதிவுக் கூடம்

இன்று சட்டைப்பையில் இருக்கும் செல்போனில் பாட்டைப் பதிவு செய்துவிடலாம். அன்றைக்கு அப்படி இல்லை. 1933இல் ஜான் எடுத்துச் சென்ற கருவியின் எடை மட்டும் 315 பவுண்டு! 1939இல் அதைவிடக் கையடக்கமான பிரெஸ்டோ கருவி வந்துவிட்டது. இருந்தாலும் கருவி, பேட்டரி, மைக், வெற்று இசைத்தட்டுகள் என்று வண்டி நிறைந்துதான் போயிற்று. பாடப் பாட ஓர் ஊசி தட்டின் மேல்பூச்சைக் கீறிக்கொண்டே போகும். அந்தக் கீறல்தான் பாட்டு. ஒரு பக்கத்தில் சில நிமிடங்கள்தான் பிடிக்கும். பாட்டு நீளமாக இருந்தால் பாதியில் நிறுத்தித் தட்டைத் திருப்ப வேண்டும்.

டெக்சாஸில் மெக்சிகோ எல்லையை ஒட்டிய பிரவுன்ஸ்வில்லில் ஹோசே சுவாரஸ் என்ற பார்வையற்ற பாடகர் ஸ்பானிய மொழியில் கதைப்பாடல்களைப் பாடினார். பிறகு மெக்சிகோ வளைகுடாவை ஒட்டி ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக இருக்கும் லூசியானா, மிசிசிப்பி, அலபாமா, புளோரிடா மாநிலங்கள். நடுவில் கடலே இல்லாத ஆர்கன்சாஸையும் எட்டிப் பார்த்தார்கள். பிறகு அட்லாண்டிக் கரையில் தென் கரோலினா. அங்கே முரல்ஸ் இன்லெட் என்ற கடற்கரைக் கிராமத்தில், ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்த குல்லா மக்களின் பாடல்கள் கிடைத்தன.

தாலாட்டு, வேலைப் பாட்டு, பக்திப் பாட்டு, புளூஸ், குழந்தைகள் வட்டமாக நின்று ஆடும் பாட்டு, வயலில் தூரத்தில் இருப்பவரைக் கூவி அழைக்கும் குரல் என்று எதையும் விடவில்லை. 300க்கும் மேற்பட்டவர்கள் பாடிய சுமார் 25 மணி நேரப் பதிவு வாஷிங்டன் போய்ச் சேர்ந்தது.

சிறைக்குள் பாட்டு

இந்தப் பயணத்தின் சங்கடமான பகுதி சிறைகள். டெக்சாஸின் ராம்சி பண்ணை, மிசிசிப்பியின் பார்ச்மன், ஆர்கன்சாஸின் கம்மின்ஸ், புளோரிடாவின் ரெய்ஃபோர்ட் எல்லாம் வேலை வாங்கும் சிறைகள். பண்ணைச் சிறைகளில் கறுப்பினக் கைதிகள் காவலரின் துப்பாக்கி நிழலில் பருத்தியும் கரும்பும் விளைவித்தார்கள். ஒரே தாளத்தில் மண்வெட்டி விழுவதற்காகவே அவர்களிடம் பாட்டுகள் இருந்தன.

லோமாக்ஸ் ஏன் சிறைகளைத் தேடிப் போனார்? ரேடியோவும் கிராமபோனும் எட்டாத இடத்தில்தான் பழைய பாட்டு கலப்படம் இல்லாமல் இருக்கும் என்பது அவர் நம்பிக்கை. ஆனால் அந்த நம்பிக்கை முழுக்கச் சரியில்லை. அதே 1939 மே மாதம் டெக்சாஸின் கோரி பெண்கள் சிறையில் ஹாட்டி எல்லிஸ் என்ற கைதியின் புளூஸ் பாட்டை இந்தத் தம்பதி பதிவு செய்தார்கள். அவரோ ஏற்கெனவே சிறையிலிருந்து ஒலிபரப்பான வானொலி நிகழ்ச்சியில் பாடிப் புகழ் பெற்றிருந்தவர்! உலகம் மறந்த மூலை என்று லோமாக்ஸ் நினைத்த இடத்திலிருந்து பாட்டு ஏற்கெனவே வெளியே போய்க்கொண்டிருந்தது.

இன்னொரு கேள்வியும் உண்டு. சிறை அதிகாரி பக்கத்தில் நிற்கும்போது ஒரு கைதியால் "நான் பாட மாட்டேன்" என்று சொல்ல முடியுமா? சொந்த ஊரிலேயே வெள்ளையர் ஓட்டலில் நுழைய முடியாதபடி சட்டம் தடுத்த காலம் அது. வெள்ளையர்களான அந்தத் தம்பதிக்கு அந்த ஆயிரக்கணக்கான மைல் சாலையும் திறந்திருந்தது. பாடியவர்களில் பலருக்கு அப்படி இல்லை.

பாட்டு யாருக்குச் சொந்தம்?

லோமாக்ஸின் பெயரோடு ஒட்டிக்கொண்ட பழைய வழக்கு லெட் பெல்லி. 1933இல் லூசியானாவின் அங்கோலா சிறையில் லோமாக்ஸ் இவரைக் கண்டார். 1934இல் விடுதலையான பிறகு லெட் பெல்லி லோமாக்ஸுக்குக் கார் ஓட்டினார், மேடைகளில் பாடினார். பணப் பங்கீட்டுச் சண்டையில் 1935இல் இருவரும் பிரிந்தார்கள். லெட் பெல்லி 1949 டிசம்பரில் இறந்தார். அடுத்த ஆண்டே அவரது "குட்நைட் ஐரீன்" பாட்டு வேறொரு குழுவின் குரலில் நாடு முழுக்க ஹிட்டானது. அதன் உரிமையில் லெட் பெல்லியின் பெயருக்குப் பக்கத்தில் ஜான் லோமாக்ஸின் பெயரும் இருந்தது. பாட்டைக் காப்பாற்றியவருக்குப் பாட்டில் எவ்வளவு பங்கு என்ற வாதம் இன்றும் ஓயவில்லை.

ரூபி எழுதிய குறிப்புகள்

இங்கேதான் ரூபியின் வேலை முக்கியமாகிறது. பயணம் "ஜான் லோமாக்ஸின் பயணம்" என்றே பேசப்பட்டது. ஆனால் பயணக் குறிப்புகளின் பெரும்பகுதி ரூபியின் உழைப்பு. யார் பாடினார், எந்த ஊர், எந்தத் தேதி, பாட்டை யாரிடம் கற்றார் என்ற விவரங்கள் குறிப்பேட்டிலும் தட்டின் உறையிலும் ஏறின. வீட்டுக்கு எழுதிய கடிதங்களிலும் வழியில் கண்டதைச் சொன்னார்.

இது சின்ன வேலை இல்லை. பெயர் எழுதாத தட்டு வெறும் "கறுப்பினக் கைதியின் பாட்டு" ஆகியிருக்கும். பெயர் எழுதியதால் அது ஹாட்டி எல்லிஸின் பாட்டு ஆனது.

அலபாமாவின் லிவிங்ஸ்டனில் நடந்தது இதற்கு நல்ல உதாரணம். அந்த ஊர்க்காரரான ரூபி பிக்கன்ஸ் டார்ட் என்ற பெண்மணிதான் அக்கம்பக்கத்துப் பாடகர்களை லோமாக்ஸுக்கு அறிமுகம் செய்தவர். அவர்களில் ஒருவர் வீரா ஹால். சமையல் வேலையும் துணி வெளுக்கும் வேலையும் செய்து பிழைத்த பெண். 1937இல் லோமாக்ஸ் அவரை முதலில் பதிவு செய்தார். 1939இல் தம்பதி மீண்டும் அந்த ஊருக்குப் போனார்கள். வீரா ஹால் 1964இல் இறந்தார். 1999இல் மோபி என்ற இசைக்கலைஞர் அவரது பழைய பதிவு ஒன்றை எடுத்து "நேச்சுரல் புளூஸ்" என்ற பாட்டை அமைத்தார். உலகெங்கும் லட்சக்கணக்கானோர் அந்தக் குரலைக் கேட்டார்கள். இதையெல்லாம் பார்க்க வீரா ஹால் உயிரோடு இல்லை. ஆனால் "இது யார் குரல்?" என்று கேட்டவர்களுக்குப் பதில் இருந்தது.

பெயரை எழுதி வைத்தது பாடகர்களுக்குச் சொத்து தரவில்லை, விடுதலையும் தரவில்லை. அந்தக் கணக்கு இன்னும் தீராமல்தான் இருக்கிறது. ஆனால் கணக்குக் கேட்பதற்கே முதலில் பெயர் வேண்டும் அல்லவா? 1939இல் அந்த நீண்ட சாலையில் ஜான் குரல்களைப் பிடித்தார். அந்தக் குரல்கள் யாருடையவை என்பதை ரூபி எழுதி வைத்தார். அந்தத் தட்டுகளும் குறிப்புகளும் கடிதங்களும் இன்று காங்கிரஸ் நூலகத்தின் இணையதளத்தில் ஒன்றாகவே கிடைக்கின்றன.