பன்னிரண்டு வயதுப் பட்டா

லண்டன் மோனோபோலி அட்டையில் விலை கூடிய கட்டம் மேஃபேர். அசல் மேஃபேரும் லேசுப்பட்ட இடமில்லை. அங்கேயும் பெல்கிரேவியாவிலுமாக சுமார் 300 ஏக்கர் இன்றும் ஒரே குடும்பத்திடம் இருக்கிறது. க்ரோவ்னர் குடும்பம், அதாவது வெஸ்ட்மின்ஸ்டர் டியூக்குகள். 2016ல் ஆறாவது டியூக் இறந்ததும் 25 வயது மகனுக்கு அது போய்ச் சேர்ந்தது. முதலில் எப்படி வந்தது? கல்யாணத்தில் வந்தது.

1677 அக்டோபரில் நடந்த கல்யாணம். மாப்பிள்ளை சர் தாமஸ் க்ரோவ்னருக்கு 21 வயது, பொண்ணு மேரி டேவிஸுக்கு 12.

நிலத்தைச் சேர்த்தவர் ஹியூ ஆட்லி, வட்டிக்கு விட்டே பெரும் பணக்காரரானவர். அவருக்குப் பேரன் முறையான அலெக்சாண்டர் டேவிஸ், பத்திரம் எழுதுகிற குமாஸ்தா, அதில் ஒரு பங்கை அடைந்தார். 1665 கொள்ளைநோயில் அவர் செத்தபோது மேரி கைக்குழந்தை. சுமார் 500 ஏக்கர். பாதிக்கு மேல் சதுப்பு, மேய்ச்சல் வெளி. ஆனால் லண்டன் மேற்கே வளரும் என்பது அன்றைக்கே தெரிந்த சங்கதி.

அதனால்தான் மேரிக்கு ஏழெட்டு வயதிலேயே பேரம் ஆரம்பித்தது. பெர்க்லி பிரபுவின் மகனுக்கு நிச்சயம் பண்ணி, 5000 பவுண்டும் கைமாறியது. மீதிச் சொத்தை எழுதிவைக்க அவர்களால் முடியவில்லை, பேச்சு முறிந்தது. அந்த 5000த்தை வட்டியோடு கட்டித்தான் க்ரோவ்னர் அவளை மணந்தார். ஒரு பட்டாவை அடமானத்திலிருந்து மீட்கிற மாதிரியே இருக்கிறது.

1700ல் கணவர் இறந்தார். அடுத்த வருடம் பாரிஸில், அவளுடைய பாதிரியாரின் சகோதரர் ஃபென்விக் என்பவர் 'மேரி என் மனைவி' என்று கிளம்பினார். மயக்க மருந்து கொடுத்து நடத்திய நாடகம் என்றது அவள் தரப்பு. அந்தக் கல்யாணம் செல்லுமென்றால் நிலத்தின் பிடி ஃபென்விக்குக்குப் போகும். 1705ல் செல்லாது என்று தீர்ப்பானது. அதே ஆண்டு மேரிக்குச் சித்தபிரமை என்றும் அறிவித்தார்கள். நிஜமாகவே நோய் இருந்திருக்கலாம். ஆனாலும் இந்த அறிவிப்பு யாருக்கு வசதி என்று பார்த்தால் மனசு உறுத்துகிறது. அதற்குப் பிறகு அவள் கையெழுத்துக்கு மதிப்பில்லை.

தொழில் என்று சொல்லும்படி ஆனது மகன்கள் காலத்தில். நிலத்தை விற்காமல் குத்தகைக்கு விட்டார்கள், மேஃபேரில் பெரும்பாலும் 99 வருடத்துக்கு. எடுத்தவர் சொந்தக் காசில் வீடு கட்டணும், வருஷா வருஷம் வாடகை தரணும். கெடு முடிந்தால் வீடும் சேர்ந்து குடும்பத்துக்கே வந்துவிடும். கோயில் மனையில் அடிமனை வாடகை கட்டிக் குடியிருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். நூறு வருடம் கழித்து, 1820களில், தாமஸ் க்யூபிட் என்ற கட்டடக்காரர் சதுப்பில் மண்ணடித்து பெல்கிரேவியாவை எழுப்பியதும் இதே குத்தகை முறையில்தான். க்ரோவ்னர் சதுக்கத்தில் 1960லிருந்து 2018 வரை இருந்த அமெரிக்கத் தூதரகம்கூடக் குத்தகைக்காரர்தான்.

மேஃபேரில் 1720 வாக்கில் கட்டட வேலை தொடங்கியபோது மேரி உயிரோடு இருந்தாள். 1730ல் இறந்தாள். அவள் பிறந்த வீட்டுப் பெயரில் அங்கே டேவிஸ் ஸ்ட்ரீட் என்று ஒரு தெரு உண்டு. பாண்ட் ஸ்ட்ரீட் ஸ்டேஷனின் ஒரு வாசல் அதில்தான் திறக்கிறது.