அளவையும் அறிவிப்பும்: ஊவாவின் மழைமானிகள்

அளவிடுதல் அறிவியலின் தொடக்கம். எனினும், எவர் அளந்தனர், எதன்பொருட்டு அளந்தனர், அளந்த செய்தி எவரைச் சென்றடைந்தது என்பன வரலாற்றுக்குரிய வினாக்களாம். ஊவா மாகாணத்துப் பெருந்தோட்டங்களில் மழையளந்த கதை இதற்குத் தக்க சான்றாகும்.

கோப்பிக்குப் பின் தேயிலை வேரூன்றிய பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொட்டே மலையகத் தோட்டங்களில் மழைமானி இடம்பெற்று வந்தது. நாள்தோறும் குறித்த அளவு தோட்டப் பதிவேட்டில் ஏறியது. பல தோட்டங்களின் கணக்குக் கொழும்புக்கும் சென்றது. கொழுந்தின் விளைச்சலைக் கணிக்கவும் உரமிடும் காலத்தைத் தெரியவும் அவ்வெண்கள் உதவின. சரிவின் கீழே லயன் அறைகளில் வாழ்ந்த தொழிலாளிக்கு அதே எண் எச்சரிக்கையாகச் சென்றடைவதற்கு ஏற்பாடு இருக்கவில்லை.

1984இல் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் தோன்றிற்று. 1986, 1989 ஆகிய ஆண்டுகளின் மண்சரிவுகளையடுத்து, 1990இல் பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் அபாய வரைபடமிடும் பணி தொடங்கியது. காலப்போக்கில் மழையின் அளவுக்குப் பொருளும் வரையறுக்கப்பட்டது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்யின் விழிப்பு. 100 ஆயின் வெளியேற ஆயத்தம். 150 ஆயினும், ஒரு மணி நேரத்தில் 75 ஆயினும் வெளியேற்றம். எளிய மழைமானிகள் ஊர்மக்கள் கையிலும் கொடுக்கப்பட்டன. தானியங்கிக் கருவிகள் மலைகளில் நிறுவப்பட்டன.

ஆயினும், 2014 ஒக்டோபர் 29ஆம் நாட் காலையில் கொஸ்லாந்தையை அடுத்த மீரியபெத்தையில் மலை சரிந்து லயன்களை மூடிற்று. அவ்விடம் ஆபத்தானதென 2005, 2011 ஆகிய ஆண்டுகளிலேயே அறிவிக்கப்பட்டிருந்தது. எச்சரித்தும் மக்கள் அகலவில்லை என்பாருளர். குடியிருக்கும் மண்ணில் உரிமையற்று, வேலைத்தலத்தோடு பிணைந்த கூரையன்றி வேறு கூரையறியாத குடும்பம் எங்குச் செல்லும் என்பதை அவர்கள் எண்ணிற்றிலர். புதிய வீடுகள் கையளிக்கப்பட்டது 2016இலேயே.

இந்நிலை மலையகத்துக்கு மட்டும் உரியதன்று. 1952 டிசெம்பரில் இலண்டனை மூடிய நச்சுப்புகையைக் கருவிகள் அளந்துகொண்டுதானிருந்தன. ஏறத்தாழ 4,000 பேர் மாண்ட செய்தி பின்னரே துலங்கியது. தூய காற்றுச் சட்டம் 1956இல் வந்தது. இலங்கையிலோ 2022 டிசெம்பரில் காற்றில் நுண்துகள் மிகுந்தபோது, அளவை உடனே அறிவிப்பாயிற்று. டிசெம்பர் 9இல் பாடசாலைகள் மூடப்பட்டன. பாடசாலையை மூட ஓர் ஆணை போதும். லயனைவிட்டுக் குடும்பங்களை அகற்றுதற்கோ நிலம் வேண்டும்.

2025 நவம்பரில் திட்வா புயலின்போது பதுளை மாவட்டம் மீண்டும் மண்சரிவுகளாற் பேரிழப்பெய்தியது. கையடக்கக் கருவிகள் பெருகுவது நன்றே. எனினும், கருவி காட்டும் எண்ணைக் கண்டு எழுந்து செல்வதற்கு வேறோர் இடம் உடையவனுக்கே அவ்வெண் பயன்தரும். பாதுகாப்பான நிலத்தில் உரிமையுள்ள வீடு என்பது மலையக மக்களின் நெடுநாட் கோரிக்கை. அது மண்சரிவு எச்சரிக்கையின் இறுதி உறுப்புமாகும் என்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மை.