ஸ்னோமொபைல் உடுப்பு: ஒற்றையா, இரட்டையா?

1916-17 குளிர்காலம். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. பிரிட்டிஷ் கடற்படையின் விமானப் பிரிவில் சிட்னி காட்டன் என்றொரு ஆஸ்திரேலிய இளைஞர் இருந்தார். ஒருநாள் அவர் தன் விமானத்தின் எஞ்சினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, உடனே கிளம்பச் சொல்லி உத்தரவு வந்தது. உடை மாற்ற நேரமில்லை. கிரீஸும் எண்ணெயும் ஊறிக் கறுத்துப்போன, மெக்கானிக்குகள் போடும் அந்த முழுநீள உடுப்போடு அப்படியே ஏறிப் பறந்தார். அக்காலத்துப் போர் விமானத்தில் ஓட்டுபவர் திறந்தவெளியில்தான் உட்கார வேண்டும். உயரே போகப் போகக் காற்று எலும்பைத் துளைக்கும். திரும்பி இறங்கியபோது மற்ற விமானிகள் விறைத்துப்போயிருந்தார்கள். காட்டனுக்கு மட்டும் அவ்வளவாகக் குளிரவில்லை.

ஏன் என்று அவர் யோசித்தார். எண்ணெய் துணியின் இழைகளுக்கு நடுவே புகுந்து அடைத்துக்கொண்டதால் காற்று உள்ளே நுழையவில்லை. கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒரே உடுப்பு என்பதால் இடுப்பில் இடைவெளியும் இல்லை. விடுப்பில் லண்டன் போனவர், ஒரு கடையில் சொல்லி அதேபோல் ஓர் உடுப்பைத் தைக்கச் செய்தார். உள்ளே மெல்லிய ரோமம், நடுவில் காற்றுப் புகாத பட்டு, வெளியே நெருக்கமாக நெய்த கபர்டீன். தன் பெயரின் இரண்டு பாதிகளையும் ஒட்டி அதற்கு ‘சிட்காட்’ என்று பெயர் வைத்தார். போர் முடிந்த பிறகும் பல ஆண்டுகள் பிரிட்டிஷ் விமானப் படை அதை வைத்திருந்தது.

பனிமேல் ஸ்னோமொபைல் ஓட்டுகிறவர்கள் இன்று போடும் ஒற்றை உடுப்பின் பூர்விகத்தைத் தேடிப் போனால், நான் போய் நிற்கும் இடம் அந்த எண்ணெய்ச் சட்டைதான். உட்கார்ந்த இடத்தில் அசையாமல் இருப்பவன்மேல் காற்று வந்து மோதிக்கொண்டே இருக்கும்போது என்ன உடுப்பது என்ற கேள்விக்குக் கிடைத்த பதில் அது.

இரட்டை உடுப்பின் வம்சம் இதைவிட மிக மூத்தது. வட துருவத்தை ஒட்டி வாழும் இன்யூட் மக்கள், கரிபூ மான் தோலில் மேலுக்கு ஒன்றும் கீழுக்கு ஒன்றுமாகத் தைத்து உடுத்தினார்கள். கடுங்குளிருக்கு இரண்டடுக்கு. உள் உடுப்பில் ரோமம் உடம்பைத் தொடும்படி உள்நோக்கி இருக்கும்; வெளி உடுப்பில் ரோமம் வெளிநோக்கி இருக்கும். கரிபூ ரோமத்தின் உட்புறம் காற்றறைகள் நிறைந்தது. சட்டைக்குப் பொத்தான் கிடையாது, தலைவழியாகப் போட வேண்டும். தளர்வாகத் தொங்கும். வேட்டையில் ஓடி உடம்பு சூடேறினால், கழுத்துப் பக்கம் கொஞ்சம் இளக்கிவிட்டால் போதும், வெப்பம் புகைபோக்கியில் போவதுபோல் மேலே போய்விடும். இன்னும் சூடேறினால் வெளிச்சட்டையைக் கழற்றலாம். வியர்த்து நனையக் கூடாது என்பதில் அவர்கள் அவ்வளவு கவனமாக இருந்தார்கள். வீட்டுக்குள் நுழையுமுன் உடுப்பில் ஒட்டிய பனியைத் தட்டிவிடுவதற்கென்றே ஒரு கோல் வைத்திருந்தார்கள்.

அதே மக்கள் சின்னப் பிள்ளைகளுக்கு ஒற்றை உடுப்புத் தைத்தார்கள். தாயின் முதுகுப் பையிலிருந்து இறங்கித் தத்தித் தத்தி நடக்கும் குழந்தைக்கு மேலும் கீழும் சேர்ந்த ஒரே உடுப்பு. அதன் பெயர் அதாயுக். ஓடி விழுந்து புரளும் குழந்தையின் வயிற்றில் பனி படக் கூடாது. வேலை செய்கிற பெரியவனுக்கு இரண்டு, விழுகிற குழந்தைக்கு ஒன்று. கடைகளில் இன்று நடக்கும் வாதத்தில் பாதியை அந்தத் தாய்மார்கள் எப்போதோ தீர்த்துவைத்துவிட்டார்கள்.

வண்டிக்கு வருவோம். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் வால்கூர் என்ற சிற்றூர். 1934 ஜனவரியில் அங்கே ஜோசஃப் அர்மான் பொம்பார்டியே என்ற மெக்கானிக்கின் சின்ன மகனுக்கு வயிற்றில் சீழ் வைத்தது. பாதை முழுக்கப் பனி மூடிக் கிடந்தது. மருத்துவமனைக்குக் கொண்டுபோக வழியில்லாமல் பிள்ளை இறந்தான். பனிமேல் ஓடும் வண்டி செய்யும் முயற்சியில் பதின்ம வயதிலிருந்தே இருந்தவர் பொம்பார்டியே. அந்தச் சாவுக்குப் பிறகு அதை விடவே இல்லை. 1937-இல் அவர் விற்கத் தொடங்கிய வண்டியில் ஏழு பேர் உட்காரலாம். சுற்றிலும் மூடிய கூண்டு. மருத்துவரும் அஞ்சல்காரரும் பள்ளிப் பிள்ளைகளும் சாதாரணக் குளிர்கோட்டோடு ஏறிப் போக அது போதும். தனி உடுப்பு எதுவும் தேவைப்படவில்லை.

1959-இல் அவரே ஸ்கி-டூ என்ற சின்ன வண்டியைக் கொண்டுவந்தார். மோட்டார் சைக்கிள் போல் காலை இருபுறமும் போட்டு உட்கார வேண்டியது. கூண்டு இல்லை, கதவு இல்லை. அமெரிக்காவின் மினசோட்டாவில் போலாரிஸும், பிறகு ஆர்க்டிக் கேட்டும் இதே போன்ற திறந்த வண்டிகளைச் செய்தன. கூரை போனதும் உடுப்புத்தான் கூரையாக வேண்டியதாயிற்று. சிட்னி காட்டனின் கேள்வி தரையில், பனிமேல் மறுபடி எழுந்தது.

காற்று எவ்வளவு பொல்லாதது என்பதற்குக் கணக்கே உண்டு. அண்டார்க்டிகாவில் பால் சைப்பிள், சார்ல்ஸ் பேசல் என்ற இரண்டு ஆய்வாளர்கள், ஒரு குப்பியில் நீர் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று வெவ்வேறு காற்று வேகங்களில் பார்த்துத் தொடங்கிவைத்த கணக்கு அது. கனடாவும் அமெரிக்காவும் 2001-இல் அதைத் திருத்தி அமைத்தன. அந்தச் சூத்திரப்படி வெப்பநிலை மைனஸ் 20 பாகையாக இருக்கையில், முகத்தில் 60 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால், தோலுக்கு அது மைனஸ் 36 போல. வண்டியில் போகிறவனுக்குக் காற்று வீச வேண்டிய அவசியமே இல்லை. அவன் வேகமே காற்று.

1960-களில் வண்டிக் கம்பெனிகள் உடுப்பும் விற்கத் தொடங்கின. வெளியே நைலான், உள்ளே மெத்தை போல் பஞ்சு வைத்துத் தைத்த பாலியெஸ்டர், கழுத்திலிருந்து கீழே இறங்கும் நீண்ட ஜிப். ஸ்கி-டூ என்றால் மஞ்சளும் கறுப்பும், ஆர்க்டிக் கேட் என்றால் ஊதா. உடுப்பின் நிறத்தை வைத்தே வண்டியின் இனம் சொல்லலாம். 1970-களின் தொடக்கத்தில் வட அமெரிக்காவில் ஒரே ஆண்டில் கிட்டத்தட்ட 5 லட்சம் வண்டிகள் விற்றன. அந்தக் காலப் படங்களைப் பார்த்தால் அப்பா, அம்மா, பிள்ளைகள் எல்லாரும் ஒரே நிற ஒற்றை உடுப்பில் வரிசையாக நிற்பார்கள்.

அப்புறம் ஏன் அது மங்கியது? வியர்வை.

ஸ்னோமொபைல் என்பது உட்கார்ந்து போகிற வண்டி என்பது பாதி உண்மை. ஆழப் பனியில் அது புதைந்துவிட்டால், 200 கிலோவுக்கு மேலான எடையைத் தோண்டி, தூக்கி, திருப்பி வைக்க வேண்டும். பத்து நிமிடத்தில் மைனஸ் 20-இலும் முதுகு நனைந்துவிடும். நீர், காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். நைலான் உடுப்போ வியர்வையை வெளியே விடாது. வேலை முடிந்து மறுபடி வண்டியில் ஏறி ஓட்டும்போதுதான் உண்மையான குளிர் பிடிக்கும், அதுவும் உள்ளிருந்து. நம் ஊர் வெயிலில் பருத்தியை மெச்சுகிறோமே, வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் அதே குணத்துக்காக அங்கே பருத்தி பனியனை உள்ளே போடாதே என்று முதல் பாடமாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். மெரினோ கம்பளியோ பாலியெஸ்டரோதான் தோலை ஒட்டி இருக்க வேண்டும்.

வழியில் காபிக் கடையில் நிறுத்தினாலும் தொல்லைதான். கியூபெக்கில் மட்டும் 30,000 கிலோமீட்டருக்கு மேல் ஸ்னோமொபைல் பாதை உண்டு. சாப்பாட்டுக்கும் பெட்ரோலுக்கும் நிறுத்தி நிறுத்திப் போகும் பயணம் அது. சூடான அறைக்குள் ஒற்றை உடுப்போடு உட்கார முடியாது. இடுப்பு வரை உரித்துவிட்டால் உடுப்பின் இரண்டு கைகளும் தரையில் இழுபடும். கழிப்பறையில் அந்தக் கைகள் எங்கே படும் என்று விவரிக்கத் தேவையில்லை. இப்படித்தான் ஜாக்கெட் தனி, கால்சட்டை தனி என்று பிரிந்தது. இடுப்பு இடைவெளிக்கு மாற்றாக, மார்பு வரை உயர்ந்து தோள்பட்டியில் தொங்கும் ‘பிப்’ கால்சட்டை வந்தது. கடைக்குள் போனால் ஜாக்கெட்டைக் கதிரையில் மாட்டிவிட்டு பிப்போடு உட்காரலாம். மேலுக்குப் பெரிய அளவும் கீழுக்குச் சின்ன அளவும் வேண்டியவர்களுக்கு அது பெரிய வரம். ஒன்று கிழிந்தால் ஒன்றை மட்டும் மாற்றலாம். ஜாக்கெட்டை ஊருக்குள்ளும் போட்டுக்கொண்டு போகலாம்.

கதை இதோடு முடிந்திருந்தால் ஒற்றை உடுப்பு பழைய படங்களில் மட்டும் மிஞ்சியிருக்கும். ஆனால் 1969-இல் பாப் கோர் என்ற அமெரிக்கப் பொறியாளர், சூடாக்கிய டெஃப்லான் தண்டு ஒன்றை வெடுக்கென்று இழுத்தார். அது அறுந்துபோகாமல் பலமடங்கு நீண்டு, கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைந்த படலமாக மாறியது. நீர்த்துளி நுழைய முடியாத அந்தத் துளைகள் வழியே நீராவி வெளியேறும். கோர்-டெக்ஸ் என்று 1970-களில் சந்தைக்கு வந்த அந்தப் படலம், காட்டனின் எண்ணெய்த் துணி செய்யாத ஒன்றைச் செய்தது: காற்றைத் தடுக்கும் வேலையையும் வெப்பத்தைக் காக்கும் வேலையையும் வேறு வேறாகப் பிரித்துவிட்டது. வெளித்தோல் காற்றையும் ஈரத்தையும் பார்த்துக்கொள்ளும். கதகதப்புக்கு உள்ளே என்ன போடுவது என்பது உங்கள் இஷ்டம். இன்யூட் வேட்டைக்காரன் அடுக்கடுக்காக உடுத்திய அதே முறைதான், நெய்யும் பொருள் வேறு.

அதன் பிறகு நடந்தது எனக்குப் பிடித்த திருப்பம். மலையில் ஓட்டுகிறவர்கள், பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் ராக்கி மலைச் சரிவுகளிலும் இடுப்பளவு பனியில் நின்றபடி வண்டியைச் சாய்த்துச் சாய்த்து ஓட்டுகிறவர்கள், மறுபடி ஒற்றை உடுப்புக்குத் திரும்பினார்கள். எல்லாரையும்விட அதிகம் வியர்ப்பவர்கள் அவர்கள்தான். ஆனால் இப்போதைய ஒற்றை உடுப்பில் பஞ்சே கிடையாது, வெறும் வெளித்தோல். அக்குளிலும் தொடையிலும் நீளமான காற்று ஜிப்புகள். ஸ்வீடன், நார்வே பக்கம் ஒற்றை உடுப்பு வழக்கம் விட்டுப்போகவே இல்லை. அங்கிருந்து வந்த தையல் முறைகளும் இதற்குத் துணை. ஆழப் பனியில் விழுந்து எழும்போது இடுப்பில் பனி புகாது. இரண்டு துணி ஒன்றன்மேல் ஒன்று படியும் கனமும் இல்லை. நாள் முழுக்க உட்கார்ந்து போகும் பாதைப் பயணியோ பஞ்சு வைத்த இரட்டை உடுப்பில் இருக்கிறார். அசையாதவனுக்கு ஒற்றை, உழைப்பவனுக்கு இரட்டை என்று தொடங்கிய வரலாறு அப்படியே இடம் மாறிவிட்டது. விழுகிறவனுக்கு ஒற்றை என்ற இன்யூட் தாயின் கணக்கு மட்டும் மாறவில்லை.

பெண்களுக்கு இந்தத் தேர்வு இன்னும் கடினமானது. செய்பவர்கள் இதை நீண்ட காலம் பொருட்படுத்தவே இல்லை. ஒரு முறை சிறுநீர் கழிக்கக் குளிரில் முழு உடுப்பையும் உரிக்க வேண்டும் என்பதால், தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்ளும் பெண்கள் உண்டு. உடல் வறண்டால் குளிரும் களைப்பும் கூடும். பின்பக்கம் இடுப்பைச் சுற்றி ஜிப் வைத்த ஒற்றை உடுப்புகள் இப்போது வருகின்றன. அது இல்லாத ஒற்றை உடுப்பை எந்தப் பெண்ணுக்கும் நான் சொல்ல மாட்டேன்.

டொரொண்டோவிலும் மொன்றியலிலும் பிள்ளை வளர்க்கும் தமிழ்த் தாய்மாருக்கு இந்த விஷயம் புதிதல்ல. கைக்குழந்தைக்கு ஒற்றை ஸ்னோ சூட். பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் பனிக்கால்சட்டையும் ஜாக்கெட்டும் தனித்தனி. பிள்ளை தானே கழிப்பறைக்குப் போய்வர வேண்டுமே.

முதல்முறை வாங்குகிறவருக்கு என் தீர்ப்பு இதுதான்: பாதையில் போகிறவர் என்றால் ஜாக்கெட்டும் பிப்பும் வாங்குங்கள், இரண்டையும் இடுப்பில் இணைக்க ஜிப் இருந்தால் இன்னும் நல்லது. மலையில் ஆழப் பனிக்குப் போகிறவர் என்றால் பஞ்சில்லாத ஒற்றை உடுப்பு. எதை வாங்கினாலும் கண்ணாடி முன் நின்று பார்த்து முடிவு செய்யாதீர்கள். உள்ளே போடப்போகும் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு, முழங்காலை மடக்கி, வண்டியில் உட்காருவதுபோல் உட்கார்ந்து, கையை முன்னால் நீட்டிப் பாருங்கள். ஒற்றை உடுப்பு நிற்கும்போது சரியாக இருந்தாலும், உட்காரும்போது தோளையும் கவட்டையும் பிடித்து இழுக்கும். இழுத்தால் ஓர் அளவு கூட்டிக்கொள்ளுங்கள்.

உறைந்த ஏரியைக் கடந்து போகிற பாதை என்றால் ஒற்றையா இரட்டையா என்று பார்ப்பதற்கு முன் மிதப்பு நுரை வைத்துத் தைத்ததா என்று பாருங்கள். மெல்லிய பனிக்கட்டி உடைந்து வண்டியோடு மூழ்கி இறப்பவர்கள் குளிர்காலந்தோறும் இருக்கிறார்கள். மனிடோபா பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ட், குளிர்நீரில் விழுந்தவருக்கு இருக்கும் நேரத்தை 1-10-1 என்று சொல்லிக்கொடுக்கிறார். மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர 1 நிமிடம், கைகால் சொன்னபடி கேட்கும் 10 நிமிடம், உடல் குளிர்ந்து நினைவு தவற 1 மணி நேரம். அந்தப் பத்து நிமிடத்துக்குள் பனிக்கட்டியில் குத்திப் பிடித்து மேலேற, கைப்பிடி போட்ட இரண்டு கூர் ஆணிகள் வேண்டும். அவற்றை ஒரு கயிற்றில் கோத்து, உடுப்புக்கு வெளியே, கழுத்தில் மாட்டிக்கொண்டு கிளம்புங்கள்.