கூதிரும் மிதிவண்டியும்: திருப்பதி, சித்தூர் நகரங்களில் வேலைக்குச் செல்வோரை முன்வைத்து

குளிர்காலத்திலும் சைக்கிளில் வேலைக்குப் போவதா, விட்டுவிடுவதா என்ற கேள்வி உறைபனி விழும் நாடுகளில் அதிகம் விவாதிக்கப்படுகிறது. அதை அப்படியே திருப்பதியில் கேட்டால் விவாதிக்க ஒன்றுமே இருக்காது. தை மாதத்து விடியலில்கூட அங்கே வெப்பநிலை 18 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கும். மேட்டுநிலத்தில் அமைந்த சித்தூரில் ஓரிரு டிகிரி குறையலாம். பெடலை மிதிக்கத் தொடங்கினால் சில நிமிடங்களில் உடம்பு தானே சூடேறிவிடும். 40 டிகிரியைத் தாண்டும் மே மாத வெயிலோடு ஒப்பிட்டால் சைக்கிள்காரருக்கு இதுவே நல்ல காலம். காதை மூடும் மங்கி குல்லாதான் இக்குளிரைவிட ஆபத்தானது; பின்னால் வரும் லாரியின் ஹாரன் காதில் விழாது.

ஆகவே இங்கே கேள்வியையே ‘எந்தக் குளிர்காலத்தில்?’ என்று திருத்திக் கேட்க வேண்டும். இந்திய வானிலைத் துறை ஜனவரி, பிப்ரவரி மாதங்களையே குளிர்காலம் என்று கணக்கிடுகிறது. பழந்தமிழர் பகுப்பில் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. சைக்கிளைப் பொறுத்தவரை பழைய பகுப்பே பயன் தருகிறது. கூதிரில் ஓட்டுவதும் முன்பனியில் ஓட்டுவதும் வெவ்வேறு காரியங்கள். ராயலசீமையின் அனந்தபூர் போன்ற பகுதிகளைப் போலன்றித் திருப்பதி வடகிழக்குப் பருவமழையைக் கணிசமாகப் பெறும் ஊர். நவம்பரில்தான் அங்கு மழை உச்சம்.

அதே நவம்பரின் பிற்பகுதியில்தான் சூரியன் ஆண்டிலேயே மிக முன்னதாக, மாலை 5.40 வாக்கில் மறைகிறது. டிசம்பர் பிற்பகுதியில் பகல்பொழுது மிகக் குறுகினாலும் அஸ்தமனம் அதற்குள் தள்ளிப்போகத் தொடங்கிவிடும். அலுவலகம் விடும் நேரமும் இருட்டும் மழையும் ஒன்றுகூடும் வாரங்கள், ஆக, குளிர் மிகுந்த வாரங்கள் அல்ல. இந்தப் பொருத்தத்தை யாரும் பெரிதாகக் கவனித்ததாகத் தெரியவில்லை.

வண்டியும் அப்போதுதான் கைவிடுகிறது. நம் ஊர்ப் பழைய சைக்கிள்களின் ரிம் குரோம் பூசிய இரும்பு. நனைந்த ரிம்மில் பிரேக் கட்டை பிடிமானமின்றி வழுக்கும். வண்டி நிற்க எடுக்கும் தூரம் பல மடங்கு நீளும். டயரின் பக்கவாட்டில் உரசிச் சுழலும் டைனமோவும் ஈரத்தில் நழுவுகிறது. வெளிச்சம் எப்போது அவசியமோ அப்போது மங்குகிறது. வண்டி நின்றால் விளக்கும் அணைந்துவிடும். பேட்டரி விளக்கும் அலுமினிய ரிம்மும் இக்குறையைப் பெருமளவு தீர்க்கின்றன என்பதால் இதை நான் முடிவான தடையாகக் கொள்ளவில்லை.

சைக்கிள்காரரால் தீர்க்க முடியாதது சாலை. சேஷாசல மலைச் சரிவில் பெய்யும் மழை அடிவாரத்து அலிபிரி, கபில தீர்த்தம் பக்கமிருந்து ஊருக்குள் இறங்கித் தெற்கே தாழ்நிலம் நோக்கி ஓடுகிறது. குறுக்கே கிழக்கு மேற்காக ரயில் பாதை. அதன் அடியில் செல்லும் சுரங்கப்பாதைகளில் நீர் தேங்குகிறது. 2021 அக்டோபரில் வெஸ்ட் சர்ச் அருகே அத்தகைய சுரங்கப்பாதையில் வாகனம் வெள்ளத்தில் சிக்கி ஒரு பெண் உயிரிழந்தார். அடுத்த மாதமே நகரின் தெருக்கள் ஆறாயின. தேங்கிய நீரில் பள்ளமும் திறந்த சாக்கடையும் சைக்கிள்காரர் கண்ணுக்குத் தெரியாது. சித்தூரின் தெருக்கள் மேடும் பள்ளமுமானவை என்பதால் அங்கு கவலையின் இடம் மாறுகிறது: நீவா நதியோரமும், சென்னை–பெங்களூரு பழைய நெடுஞ்சாலைத் தடத்தில் இருட்டில் வரும் லாரிகளின் முகப்பு வெளிச்சமும்.

ஃபின்லாந்தின் ஊலு நகரம் இங்கு உதவுகிறது. குளிர்கால மிதிவண்டி மாநாடு 2013-இல் முதன்முதலாக அங்குதான் நடந்தது. பூஜ்யத்துக்குக் கீழே பல டிகிரி இறங்கும் ஊரில் மக்கள் சைக்கிள் ஓட்டுவதற்கு அவர்களுடைய மனத்திடத்தைவிடச் சைக்கிள் பாதைகளில் பனி ஒழுங்காக வாரப்படுவதே முதற்காரணம். அங்கே பனிவாரி செய்யும் வேலையைத் திருப்பதியில் மழைநீர் வடிகால் செய்ய வேண்டும்.

அப்படியானால் கூதிர் முழுக்கச் சைக்கிளை ஓரங்கட்டலாமே என்பர் சிலர். அது மிகை. வடகிழக்குப் பருவமழை நாள்தோறும் பெய்வதில்லை. காற்றழுத்தத் தாழ்வுகளை ஒட்டிச் சில நாட்கள் கொட்டிவிட்டு ஓய்கிறது. 2022 டிசம்பர் 9 இரவு மாமல்லபுரம் அருகே கரைகடந்த மாண்டஸ் புயலுக்குப் பல நாட்கள் முன்பே எச்சரிக்கை வந்தது. எனவே பருவத்தை நோக்கி ஒரே முடிவு எடுக்காமல், எச்சரிக்கை வந்த நாட்களை மட்டும் கழித்து, சுரங்கப்பாதைக்கு மாற்றாக மேம்பாலமோ ரயில்வே கேட்டோ உள்ள வழியை முன்பே பார்த்துவைப்பது போதும். முன்பனியில் தயக்கத்துக்கே இடமில்லை.

இந்தத் தேர்வெல்லாம் பஸ்ஸுக்கோ ஆட்டோவுக்கோ காசு உள்ளவருக்குத்தான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி வேளாண்மை, வீட்டுத்தொழில் சாராத இந்திய உழைப்பாளரில் சுமார் 13 விழுக்காட்டினர் வேலைக்குச் சென்றது மிதிவண்டியில். பக்தர்களுக்காக விடியுமுன்பே அடுப்பு மூட்டும் ஓட்டல் தொழிலாளி புயல் நாளிலும் போயாக வேண்டும். அவர் சார்பில் முடிவெடுக்க வேண்டியது மாநகராட்சி; அதுவும் ஐப்பசி பிறப்பதற்குள், சுரங்கப்பாதை வடிகால்களைத் தூர்வாரி, மோட்டார் பம்பு வைத்து.