கல்வாழையும் புத்சரணவும்

இலங்கையின் மழை மிகுந்த இரத்தினபுரி மாவட்டத்தில், எஹலியகொடப் பகுதித் தோட்டங்களிலும் வீட்டு முற்றங்களிலும் கான் ஓரம், அதாவது மழைநீர் வடியும் வாய்க்காலின் ஓரம், ஈரத்தை நாடித் தழைக்கும் பூச்செடியைத் தமிழ் கல்வாழை என்றும் மணிவாழை என்றும் வழங்க, சிங்களம் புத்சரண என்கிறது. ஒரே செடிக்கு இவ்வளவு தொலைவான பெயர்கள் அமைந்ததற்கு, அது இப்பகுதிக்குப் பிற்காலத்தில் வந்த செடி என்பது ஒரு காரணமாக இருக்கலாம்.

இதன் தாயகம் வெப்பமண்டல அமெரிக்கா. 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் இதற்குக் கன்னா இண்டிகா என்று பெயரிட்டார். கன்னா என்பது நாணலைக் குறிக்கும் இலத்தீன் சொல், இண்டிகா என்பது மேற்கிந்தியத் தீவுகளையும் 'இந்தியா'வாகக் கொண்ட அக்கால வழக்கின் எச்சம். ஆயினும் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்த டச்சு ஆளுநர் வான் ரீடின் ஹோர்டஸ் மலபாரிகஸ் என்ற தாவர நூலிலேயே இச்செடி 'காட்டு வாழை' என்ற மலையாளப் பெயருடன் இடம்பெற்றிருப்பதால், கொலம்பஸின் பயணத்துக்குப் பின் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்குள் அது மலபார்க் கரையில் காட்டுச்செடியாகக் கருதப்படும் அளவுக்குப் பரவிவிட்டது எனலாம்.

அகன்ற இலையைக் கண்டவர்கள் வாழை என்றது இயல்பே. இஞ்சி, மஞ்சள், வாழை ஆகியவற்றோடு இதுவும் ஒரே வரிசையைச் சேர்ந்தது. கல், மணி என்ற அடைமொழிகளை விளக்க விதையைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும்: முள்போன்ற புடைப்புகள் கொண்ட காய் வெடித்ததும் வெளிப்படும், பட்டாணி அளவுள்ள அந்தக் கரிய உருண்டை, நகம் பதியாத கடினமுடையது. அர்ஜென்டினாவில் ஒரு பழங்கல்லறையிலிருந்து கிடைத்த, ஏறத்தாழ 600 ஆண்டுப் பழமையுடைய இப்பேரினத்து விதை முளைத்ததாக 1971இல் அறிவிக்கப்பட்டது. எனவே 'கல்' இந்த விதையைச் சுட்டுவதாகக் கொள்ளலாம். 'மணி'யும் அவ்வாறே, துளையிட்டுக் கோத்த இவ்விதைகள் பல நாடுகளில் செபமாலையாயின.

புத்சரண என்பது 'புத்தரே புகலிடம்' எனப் பொருள்படும் தொடர். அது வித்யாசக்கரவர்த்தி இயற்றிய சிங்கள உரைநடை நூலின் பெயராகச் செடி வருவதற்குப் பல நூற்றாண்டு முன்பே வழங்கியது. ஆகவே செடிக்குப் பெயர் ஏறியதே தவிர, செடியிலிருந்து பெயர் பிறக்கவில்லை. பர்மியரும் இச்செடியைப் புத்தசரணம் என்ற சொல்லின் திரிபாலேயே அழைப்பதோடு, புத்தர்மீது பகை கொண்ட தேவதத்தன் உருட்டிய பாறையால் அவர் காலில் கசிந்த குருதியிலிருந்து இச்செம்மலர் தோன்றியதாகவும் கூறுவர். அமெரிக்கச் செடியைப் பற்றிய அக்கதை 16ஆம் நூற்றாண்டுக்கு முந்தியதாக இருக்க இயலாது. தாய்லாந்தில் இது 'புத்தர் காப்பவர்' என்று பொருள்படும் புத்தரக்சா. அங்கே 1980 முதல் டிசம்பர் 5ஆம் நாள் கொண்டாடப்படும் தந்தையர் தினத்துக்கு உரியது இதன் மஞ்சள் பூவே.