மலைப்பாதையில் கார் நின்னுபோச்சா? நியூட்ரலுக்கு அவசரப்படாதீங்க!

கிருத்திகை நாள் என்றாலே திருத்தணி மலைப்பாதையில் கார்கள் எறும்பு மாதிரிதான் ஊரும். 365 படிகளை நடந்து ஏறுகிறவர்கள் நம்மை முந்திவிடுவார்களோ என்றுகூடத் தோன்றும். ஃபர்ஸ்ட் கியர், பாதி கிளட்ச் என்று இழுத்துக்கொண்டே போனால் கிளட்ச் கருகலாம்; இன்ஜின் சூடேறி நின்றும் போகலாம். உடனே பின்னாலிருந்து குரல் வரும்... ``நியூட்ரல் பண்ணுங்க சார், தள்ளிடலாம்!"

சமதளத்தில் அது சரி. ஏற்றத்தில், ஓடாத இன்ஜினும்கூட கியர் வழியாகச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கும். நியூட்ரல் போட்டால் அந்தப் பிடி போய்விடும். பிறகு மிச்சம் பிரேக் மட்டும்தான்.

அதனால் முதலில் ஃபுட் பிரேக், அடுத்து ஹேண்ட் பிரேக், ஹசார்ட் லைட். வண்டியில் இருப்பவர்களை இறக்கி ஓரமாக நிற்கச் சொல்லுங்கள். காருக்குப் பின்னால் யாரும் நிற்கக் கூடாது. டயர்களுக்குச் சரிவுப் பக்கமாகப் பெரிய கல் வையுங்கள். லாரி கிளீனர்கள் வண்டி நின்றதும் கட்டையோடு குதிப்பதைப் பார்த்திருப்பீர்களே, அதே வேலைதான்!

மீட்பு வண்டி வந்து, காரை அதோடு பிணைத்த பிறகுதான் நியூட்ரல். டிரைவர் சீட்டில் ஒருத்தர் கட்டாயம் இருக்கணும். சாவியை `ஆன்' நிலைக்குத் திருப்பினால் ஸ்டீயரிங் லாக் விடும். பிரேக்கை அழுத்தியபடியே கிளட்ச்சை முழுசாக மிதித்து, லீவரை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். இடமும் வலமும் தளர்வாக ஆடினால் நியூட்ரல் விழுந்துவிட்டது. கிளட்ச் கேபிள் அறுந்திருந்தாலும், இன்ஜின் ஆஃபில் இருந்தால் பெரும்பாலும் லீவர் வந்துவிடும். வரவில்லையா? மல்லுக்கட்டாதீங்க, மெக்கானிக் பார்க்கட்டும்.

ஒரு விஷயம் பலரையும் பதற வைக்கும். இன்ஜின் ஓடாதபோது ஒன்றிரண்டு மிதிக்குப் பிறகு பிரேக் பெடல் கல்லு மாதிரி இறுகிவிடும். பிரேக் போய்விட்டது என்று அர்த்தமில்லை. பூஸ்டரின் உதவி நின்றுவிட்டது, அவ்வளவுதான். பலமாக மிதித்தால் பிடிக்கும். பவர் ஸ்டீயரிங்கும் கனமாகிவிடும்.

`இறக்கம்தானே, நியூட்ரல்ல உருட்டிட்டே கீழே போயிடலாம்' என்று மட்டும் நினைக்காதீங்க. கயிறு கட்டி இறக்குவதும் வேண்டாம். இறக்கத்தில் கயிறு தளர்ந்து, பின்னால் வரும் கார் முன்வண்டியில் மோதும். காரையே மேலே ஏற்றிக்கொண்டு போகும் வண்டிதான் நல்லது. கீழே சென்னை - திருப்பதி நெடுஞ்சாலையில் நின்றுவிட்டால் 1033-க்கு அழைக்கலாம்.